நெஞ்சுக்குள் பட்டையும் நாமமும்

என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கியபோது எல்லோரும் மலையைத்தான் குற்றம் சொன்னார்கள். மலைக்கு வாய் கிடையாது. அதற்குப் பரிந்து பேச நான் ஒருத்திதான் இருந்தேன். நானும் எத்தனை நாள்தான் பேசுவது?

அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று தடவை மலையிலிருந்து இறங்கி, டவுன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொள்கிறோம். ஊசி ஏறுவது அவர் கையில்தான் என்றாலும் ‘செய்துகொள்கிறோம்’ என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது. விடியலில் ஜீப்பில் இடம் பிடிப்பது நான். மோர் கேட்டால் முறைப்பது நான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று சின்னச் சொம்பில் அளந்து வைத்து, அதற்குக் காவல் இருப்பதும் நான். நீர் இறங்க வழியில்லாதவர் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும், மிஷின்தான் அதை வெளியே எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் விளக்கிச் சொன்னார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இது புரிந்தது. ஏரி மதகு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரியாதவர்கள் யார்?

மார்கழியில் டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில் நன்றாகத்தான் இருந்தார். மிஷினுக்குப் பால் கறக்கிற மிஷின் என்று பேர் வைத்தார். ஜீப்பில் யாராவது கேட்டால், “கறந்துட்டாங்க, வூட்டுக்குப் போறேன்” என்பார். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு மேடு ஏற வேண்டும். அதையும் பேசிக்கொண்டே ஏறுவார்.

பங்குனி பிறந்ததும் அந்தப் பேச்சு நின்றது. பேசினால் ஏற முடியவில்லை, ஏறினால் பேச முடியவில்லை. புளியமரத்தடியில் ஒரு தரம் உட்கார்ந்தார். பாறைமேல் ஒரு தரம் உட்கார்ந்தார். கடைசியில் எங்கள் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு, சொந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வெளியிலேயே நின்றார். மல்லாந்து படுக்கவும் முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சாமை மூட்டையில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார்.

பக்கத்து வீட்டில் இருக்கும் என் கொழுந்தனார்தான் முதலில் சொன்னார்.

“அண்ணி, சொன்னா கேளுங்க. மேல காத்து கம்மி. கீழ சமபூமிக்குப் போய்ட்டா அண்ணன் நல்லா நடப்பாரு.”

“இத்தினி வருசமா இந்தக் காத்துதானே தம்பி உங்க அண்ணனுக்கு அடிச்சிக்கினு இருந்துச்சு? இப்ப இன்னா திடீர்னு கம்மியாப் பூட்டுது?”

“வயசாச்சில்ல?”

“காத்துக்கா?”

அவர் சிரித்துவிட்டார். ஆனால் சொன்னதை விடவில்லை. ஊரில் எல்லோரும் அதையே சொன்னார்கள். கடைசியில் என் வீட்டுக்காரரே ஒரு நாள், “போயிடலாம்மே. இந்த மேட்டாண்ட நான் செத்துக் கெடந்தா தூக்கிக்கினு வர்றதுக்கும் நீதான் வரணும்” என்றார். அதை அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அன்றைக்குத்தான் நான் மலைக்காகப் பேசுவதை நிறுத்தினேன்.

இடமும் கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவருக்கு அடுத்த படுக்கையில் ஒரு கொத்தனார் டயாலிசிஸ் செய்துகொள்வார். கீழே சந்தவாசல் பக்கம் கிறிஸ்தவக் குடும்பம். ஊசி போடும்போது ஜெபமாலையை ஒரு கையில் பிடித்திருப்பார், மற்ற நேரமெல்லாம் கேலிதான். தன் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை சும்மா கிடக்கிறது, சித்திரை பிறந்ததும் வந்துவிடுங்கள் என்றார். நல்ல மனுஷன். அவர் அப்படிச் சொன்ன அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

எனக்கு வீடு பெரிதில்லை. வீடு என்றால் நாலு சுவர். எங்கள் நிலத்து மூலையில் மரத்தடியில் வேடியப்பன் இருக்கிறார். கல்லாக மண்ணில் ஊன்றி நிற்கிற சாமி. அவரைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏற முடியாது. தினம் பொழுது சாய்ந்தால் அவருக்கு ஒரு விளக்கு வைப்பேன். அதை வைக்காமல் எனக்குச் சோறு இறங்காது. ஒரு நாள் அவரிடமே போய் நின்றேன். “உன்னை விட்டுட்டுப் போறதா ஆயிடுச்சு. உனக்கு இஷ்டமில்லன்னா வாயத் தொறந்து சொல்லிடு. அப்புறம் என்னைக் கேக்காதே” என்றேன். ஒரு பல்லி மட்டும் கல்லின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அதைச் சகுனமாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே எடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டயாலிசிஸுக்கு முன்னாலும் பின்னாலும் எடை போடுவார்கள். தண்ணீரெல்லாம் எடுத்து முடித்த பிறகு ஒருவர் இந்த எடையில் நிற்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. சிஸ்டர்கள் அதை டிரை வெயிட் என்பார்கள். நான் அதைப் புளியோடு வைத்துப் புரிந்துகொண்டேன். ஈரப் புளியை எந்த வியாபாரியும் எடுக்க மாட்டார். காய்ந்து நிற்கிற எடைதான் எடை. என் வீட்டுக்காரருடைய காய்ந்த எடையை மார்கழியிலேயே முடிவு செய்து எழுதியிருந்தார்கள். மூச்சு வாங்கிய நாட்களிலும் அந்த எடையில் டாண் என்று வந்து நின்றார். அது மட்டுமில்லை, மாசி கடைசியிலிருந்து அவர் வரும்போதே எடை குறைவாக இருந்தது. வார்டைப் பார்த்துக்கொள்ளும் பெரிய சிஸ்டர், “பெரியவரே, வாயக் கட்டிட்டீங்க போலருக்கே, சபாஷ்!” என்றார். அவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். என் சொம்புக்குக் கிடைத்த சபாஷ் அது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எடை சரி, தண்ணீரும் சரி. அப்படியானால் மூச்சு வாங்குவது மலையால்தானே? எங்களுக்கு வேறு எப்படி நினைக்கத் தோன்றும்?

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். எனக்கு மகள் மாதிரி வயதுதான் இருக்கும். அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் எடுத்து முடித்து, எடையும் போட்டு, எடை சரியாக நின்று, கிளம்பலாம் என்று நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலிலிருந்து எழுந்து நாலு எட்டு வைத்து நின்று மூச்சு வாங்கியதை டாக்டரம்மா பார்த்துவிட்டார். இருங்கள் ஐயா என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். முகம் மழிக்கிற மிஷின் அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஓர் ஒயர், ஒயரின் மறுமுனையில் பலகை போல ஒரு திரை. பக்கத்தில் இருந்த ஏசி அறைக்கு அழைத்துப் போய்ப் படுக்க வைத்தார். முழுதாகப் படுக்க முடியாமல் அவர் தலையை உயர்த்திக்கொண்டார். கதவு திறந்தே இருந்ததால் கொத்தனார் தன் கட்டிலில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, சட்டையக் கழட்டுங்க. நெஞ்சுல ஸ்கேன் பாக்கணும்.”

“நெஞ்சுலயா? பொம்பளைங்களுக்கு வயித்துலதானேம்மா பாப்பாங்க?”

“உங்களுக்கு நெஞ்சுல பாக்கப் போறேன்.”

“பாருங்க. ஆனா ஆணா பொண்ணான்னு மட்டும் சொல்லிடாதீங்க. சட்டப்படி குத்தம்னு செவுத்துல எழுதிப் போட்டுக்கீது.”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் நெஞ்சில் ஜெல்லைப் பிதுக்கினார். மனுஷன் துள்ளினார் பாருங்கள். சில்லென்று இருந்தது ஒரு பக்கம், கூச்சம் ஒரு பக்கம். இவ்வளவு தடிமனான ஊசியைக் கையில் ஏற்றும்போது மரம் மாதிரி கிடக்கிறவர், விலாவில் அந்தக் கருவி பட்டதும் புழு மாதிரி நெளிந்தார்.

“ஐயோ அம்மா, வேணாம்மா, ஐயோ…”

“இன்னாய்யா கூத்து அங்க?” என்று கொத்தனார் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். “டாக்டரம்மா, காலைப் புடிச்சிக்கச் சொல்லவா?”

“நான் புடிச்சிக்கறேன்” என்று நான்தான் காலைப் பிடித்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு முட்டுகிறவருக்குச் சிரிக்கவும் முட்டுகிறது. சிரிக்கிறார், இருமுகிறார், மறுபடியும் சிரிக்கிறார். பார்க்கவே எனக்குப் பயமாகவும் இருந்தது.

அவர் ஒரு வழியாக அடங்கினதும் டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கறுப்பிலும் வெள்ளையிலும் என்னவோ அசைந்தது.

“நல்ல நுரையீரல்ல காத்துதான் இருக்கும்மா. அப்ப இதுல குறுக்கால கோடு கோடா தெரியும். தண்ணி கோத்துக்கிட்டிருந்தா மேலருந்து கீழ வரைக்கும் நெடுக்கால வெள்ளைக் கோடு விழும்.”

நான் யோசித்தேன். “குறுக்கால இருந்தா பட்டை. நெடுக்கால இருந்தா நாமம். அப்படித்தானே டாக்டரம்மா?”

அவர் என்னைப் பார்த்தார். உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “ஆமாம்மா. அப்படியேதான். எங்களுக்குப் படிக்கிறப்ப இதை யாரும் இப்படிச் சொல்லித் தரலையே.”

எங்கள் குடும்பம் திருநீறு பூசுகிற குடும்பம். வேடியப்பா, பட்டையாகவே இருக்கட்டும் என்று உடனே வேண்டிக்கொண்டேன். வேண்டின கையோடு, பெருமாளுக்குக் கோபம் வந்துவிடுமோ என்று பயமும் வந்தது. ‘சாமி, நெற்றியில் உன் நாமம் எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும், இவர் நெஞ்சில் மட்டும் வேண்டாம்’ என்று அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

டாக்டரம்மா கருவியை முதல் இடத்தில் வைத்தார். நாமம். கொஞ்சம் நகர்த்தினார். நாமம். பக்கத்தில் வைத்தால் இரட்டை நாமம். இடது விலாவுக்குப் போனால் அங்கே புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டம் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. அவர் மூச்சை இழுத்தால் அந்தக் கோடுகளும் ஒருபக்கம் நகரும், விட்டால் திரும்பி வரும். பனி மூடின மலைப் பாதையில் ஜீப் விளக்கைப் போட்டால் வெளிச்சம் நீளநீளமாக விழுமே, அப்படி இருந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

“இன்னாம்மா கீது?” என்றார் அவர்.

“தண்ணிங்க ஐயா. ரெண்டு பக்கமும்.”

“தண்ணியா!” என் வீட்டுக்காரர் தலையை இன்னும் தூக்கினார். “எங்க நெலத்துல நீரோட்டம் பாக்கறேன்னு ஒருத்தன் கையில தேங்காய வெச்சிக்கினு அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடந்தான். இங்கதான்னு சொன்னான். போர் போட்டா வெறும் புழுதி. அன்னிக்கே நீங்க வந்திருந்தா நெலத்த வுட்டுட்டு என் நெஞ்சுலயே போர் போட்டிருப்பேனே!”

வெளியே கொத்தனார் சிரித்த சிரிப்பில் அவர் மிஷின் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்துவிட்டது. சிஸ்டர் ஓடி வந்து, கையை ஆட்டாதே என்று அவரை அதட்டினார்.

டாக்டரம்மா மட்டும் இப்போது சிரிக்கவில்லை. படுத்தால் முட்டுகிறதா, மேடு ஏறினால் எப்படி, எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான்தான் சொன்னேன்.

“மலை ஒத்துக்கலன்னு சொன்னாங்க டாக்டரம்மா. அதான் சித்திரையில வூட்ட காலி பண்ணிட்டுக் கீழ வந்துடறோம்.”

“மலை என்னம்மா பண்ணுச்சு? இவ்ளோ தண்ணிய நெஞ்சுல வெச்சுக்கிட்டு ஏறினா யாருக்கும்தான் மூச்சு வாங்கும். தண்ணியோட நீங்க கீழ வந்தா, கீழயும் இதே மூச்சுதான் வாங்கும். தண்ணி எறங்கிட்டா மேலயே இருக்கலாமே.”

“மேலயே இருக்கலாமா?” என்று கேட்டேன். “இருக்கலாம்” என்றார். நான் இன்னொரு தரம் கேட்டேன். அவர் இன்னொரு தரம் சொன்னார். மூன்றாம் தரம் கேட்க எனக்கு ஆசைதான், வெட்கமாக இருந்தது.

“ஆனா ஒண்ணு புரியல” என்றார் டாக்டரம்மா. “எடை சரியா வந்து நிக்குது. அப்பறம் இந்தத் தண்ணி எங்கருந்து வந்துச்சு?”

“டிரை வெயிட் கரெக்டா வந்துட்டுது மேடம்” என்றார் பெரிய சிஸ்டர், வாசலில் நின்றபடி.

“அப்ப சதை கரைஞ்சிருக்கணும். சதை போன இடத்துல தண்ணி நின்னா எடை மாறாது. ஐயா, வீட்டுல சரியா சாப்பிடறதில்லையா?”

எனக்குச் சுருக்கென்றது. “சாப்புடாம இன்னா? சாமைச் சோறு ஆக்கி, கீரை கடைஞ்சு…”

“சாப்பாடு போடாம இல்லம்மா” என்றார் என் வீட்டுக்காரர். “போட்டே கொல்றா.”

“எதுக்கும் இன்னொரு தரம் எடை போட்டுப் பாத்துடலாம். மிஷின் தப்பா காட்டுதான்னு நான் நேர்ல பாக்கணும்” என்றார் டாக்டரம்மா.

ஏசியில் ஈர நெஞ்சோடு கிடந்ததில் அவருக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. பையில் அவருடைய கம்பளி இருந்தது. ஜீப்பில் முதுகுக்கு முட்டுக் கொடுக்க எடுத்து வருவேன். அதைப் பிரித்து அவர்மேல் போர்த்திவிட்டேன். அப்படியே நடந்து போய் எடை மிஷின்மேல் ஏறி நின்றார். சிஸ்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

“இன்னா பெரியவரே இது! தண்ணி எடுத்தப்பறம் எடை ஏறிக்கினு போவுது! அந்த ரூமுக்குள்ள உன்னைப் படுக்க வெச்சு பிரியாணி போட்டாங்களா?”

“சிஸ்டர், கம்பளி” என்றார் டாக்டரம்மா.

“அட ஆமா. கம்பளியக் கழட்டிட்டு நில்லு.”

அவர் கழற்றவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “கழட்ட மாட்டேன். குளிரு நெஞ்சுல பூந்துக்கும். மார்கழியில நீ கழட்டச் சொன்னப்பவும் இதான் சொன்னேன். அப்ப மட்டும் வுட்டுட்ட, இப்ப இன்னா?”

எங்கள் மலையில் ஆம்பிளைகள் அப்படித்தான். பனிக்காலத்தில் போர்த்தின கம்பளியை வெளி இடத்தில் தோளிலிருந்து எடுக்க மாட்டார்கள். குளிர் தோள் வழியாக இறங்கி நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும் என்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியிலும் கம்பளியோடுதான் சாப்பிடுவார்கள். செங்கம் சந்தையில் வாங்கின முரட்டுக் கம்பளி. துவைத்துக் காயப் போட்டால் கொடி அறுந்து விழும்.

அவர் அப்படிச் சொன்னதும் பெரிய சிஸ்டர் வாயில் கையை வைத்துக்கொண்டார். டாக்டரம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“மார்கழியில இதைப் போத்திக்கிட்டுத்தான் எடை போட்டாரா?”

“தை முழுக்கப் போத்திக்கினுதான் வந்தாரு” என்றேன். “மாசி கடைசியில வெயில் ஏறினப்புறந்தான் வெறும் சட்டையோட வந்தாரு.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. காய்ந்த எடை என்று எழுதினார்களே, அது அவருடைய எடை மட்டும் இல்லை, கம்பளியும் சேர்ந்த எடை! கம்பளி வீட்டுக்குப் போய்விட்டது. எழுதின எடை அப்படியே நின்றுவிட்டது. கம்பளி விட்டுப்போன இடத்தில் அத்தனை எடைக்கும் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது. எடை குறைந்தது என்று வாங்கின சபாஷ் என் சொம்புக்கு இல்லை. கம்பளிக்கு!

கொத்தனாருக்கு இது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. புரிந்ததும் அவர், “ஏசுவே! இந்தாளு ஒரு செம்மறியாட்டையே நெஞ்சுல வெச்சிக்கினு மலை ஏறியிருக்கான்யா!” என்று கத்தினார். அவ்வளவுதான். வார்டில் ஒருத்தர் பாக்கியில்லை. ஊசி குத்தின கையை ஆட்டாமல் சிரிக்க வேண்டும் என்பதால் எல்லோரும் காலை உதைத்துக்கொண்டு சிரித்தார்கள். டாக்டரம்மா முக்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய சிஸ்டர்தான் பாவம், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கம்பளியை வாங்கிச் சுருட்டித் தனியாக எடை மிஷின்மேல் வைத்துப் பார்த்தார். இரண்டு கிலோவுக்கு ஒரு பிடிதான் குறைவு.

“எடை மிஷின் பொய் சொல்லல” என்றார் டாக்டரம்மா. “நெஞ்சைப் பாத்ததாலதான் தெரிஞ்சுது.”

ஒரே நாளில் அவ்வளவையும் எடுத்தால் காலை இழுத்துப் பிடிக்கும், மயக்கம் வரும், அதனால் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு போகலாம் என்றார். உப்பைக் குறைக்கச் சொன்னார். கருவாடு வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்றார். இவர், “மல்லாந்து படுக்க முடிஞ்சா கருவாட்டத் தலைமுழுகிடறேம்மா” என்று சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்துக்கு நானும் வேடியப்பனும் சாட்சி.

அதற்குப் பிறகு டயாலிசிஸ் நாள் எங்களுக்குத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் எடுத்து முடித்ததும் டாக்டரம்மா கருவியோடு வருவார். வார்டே கழுத்தை நீட்டும்.

“இன்னாம்மா, பட்டையா நாமமா?” என்று கடைசிக் கட்டில் கிழவி கூடக் கேட்பாள்.

“நாமம்தான். ஆனா கொஞ்சம் கொறைஞ்சிருக்கு” என்பார் டாக்டரம்மா.

கொத்தனாருக்குப் பொறாமை தாங்கவில்லை. “டாக்டரம்மா, எனக்கும் பாருங்க. எங்க ஆளுங்களுக்குப் பட்டையும் வேணாம், நாமமும் வேணாம். குறுக்கால ஒண்ணு நெடுக்கால ஒண்ணு வெச்சு சிலுவையா வருதான்னு பாருங்க” என்றார். அவருக்கும் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் சுத்தமான பட்டை. “கர்த்தர் என்னைக் கைவுட்டாலும் சிவன் கைவுடல” என்று சொல்லிவிட்டு, சொன்ன வாய்க்குத் தானே சிலுவை போட்டுக்கொண்டார்.

நடுவில் ஒரு நாள் இவருக்குக் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்து, ஐயோ என்று அலறினார். நான் தேய்த்துவிட்டேன். அன்றைக்கு மட்டும் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் ஆடியது. வீட்டுக்குப் போய் மரத்தடியில் விளக்கு வைக்கும்போது, “பாதியில கைவுட்டுடாதே” என்று மட்டும் சொன்னேன். கொழுந்தனார் வேறு ஜீப்புக்குச் சொல்லி வைத்திருந்தார், சாமான் ஏற்ற. கீழே போவதா இருப்பதா என்று அவர் கேட்கும்போதெல்லாம், இன்னும் ரெண்டு நாள் பொறுங்கள் தம்பி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் டாக்டரம்மா வலது பக்கம் வைத்தார். குறுக்குக் கோடு. மேலே வைத்தார். குறுக்குக் கோடு. இடது விலாவில் ஒன்றிரண்டு நாமம் மட்டும் மங்கலாக, போக மனசில்லாத விருந்தாளி மாதிரி நின்றது. “இது போதும்மா. இனிமே இந்த எடைதான் இவரோட எடை. கம்பளி, துண்டு, செருப்பு எதுவும் சேராது” என்று சொல்லிப் பெரிய சிஸ்டரைப் பார்த்தார். பெரிய சிஸ்டர் ஏற்கெனவே எடை மிஷினுக்கு மேலே சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார், கம்பளி மாட்ட.

கொத்தனாரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “அண்ணே, நாங்க ரூமுக்கு வரல.”

அவர் முகம் வாடிவிட்டது. “இன்னாம்மா இப்படிப் பண்ணிட்ட? உன் வூட்டுக்காரன்கூட ஆடுபுலி ஆடலாம்னு தரையில சிமெண்ட்லயே கட்டம் போட்டு வெச்சிட்டேனே. நான் யார்கூட ஆடுவேன்?”

“நீங்க மேல வாங்க. பாறைமேல கட்டம் போட்டுக்கலாம்.”

“மேலயா? காத்து கம்மின்னு சொல்றாங்களே.”

“காத்துமேல பழி போட்டீங்கன்னா டாக்டரம்மாவக் கூப்புடுவேன்” என்றேன்.

அன்றைக்கு ஜீப் எங்களை இறக்கிவிட்டபோது உச்சிவெயில். நான் பையை எடுத்துக்கொண்டு நிமிர்வதற்குள் இவர் பாதி மேடு போய்விட்டார். புளியமரத்தடியில் உட்காரவில்லை. பாறையைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தாண்டிப் போனார். பின்னால் ஓடி ஓடி எனக்குத்தான் இரைத்தது.

“ஏம்மே, இன்னா பாதியில நின்னுட்ட?” என்று மேலே இருந்து கத்தினார். “உனக்கும் நெஞ்சுல பாக்கச் சொல்லவா? நாமம் வந்துட்டுதா?”

“வாய மூடிக்கினு ஏறுங்க! பேசினா மூச்சு வாங்கும்!”

“எனக்கா?” என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு பாட்டை எடுத்துவிட்டார். அவருக்குப் பாட வராது. எனக்கு அன்றைக்கு அது வந்தது போல இருந்தது.

வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. நாங்கள் எப்படியும் போய்விடுவோம் என்று கொழுந்தனார் தன் வீட்டுப் புளியை எல்லாம் கொண்டுவந்து எங்கள் நடுவீட்டில் கொட்டியிருந்தார். ஓடு தட்டின புளி ஒரு குவியல், தட்டாதது ஒரு குவியல். என் ஓரகத்தி நடுவில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். கொழுந்தனார் தலையைச் சொறிந்தார்.

“நீங்க பூடுவீங்கன்னு… இப்பவே அள்ளிடறேன் அண்ணி.”

“அள்ளு, அள்ளாதே, உன் இஷ்டம்” என்றார் இவர். “நாங்க எங்கியும் போவல.” சொல்லிவிட்டுத் துண்டை உதறி, இரண்டு குவியலுக்கும் நடுவில் இருந்த சந்தில் விரித்தார். சாமை மூட்டை சுவரோரமாகத்தான் இருந்தது. அதன் பக்கம் திரும்பவேயில்லை. தலைக்கு ஒன்றும் வைக்காமல் மல்லாந்து நீட்டிப் படுத்தார். படுத்த வேகத்தில் தூங்கிவிட்டார்.

கொழுந்தனார் ஜீப்காரருக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். நானும் ஓரகத்தியும் இவர் தலைமாட்டில் உட்கார்ந்து புளி தட்ட ஆரம்பித்தோம். பல நாளாக அவர் மூச்சுச் சத்தத்தோடேயே குடித்தனம் செய்து பழகியிருந்தேன். விசில் மாதிரி இழுக்கும், நடுவில் முட்டும். இப்போது அந்தச் சத்தம் ஒன்றுமே இல்லை. வீடே வேறு வீடு மாதிரி இருந்தது.

ஓரகத்திக்கு அது பயமாகிவிட்டது. கை வேலையை நிறுத்திவிட்டு என் பக்கம் சாய்ந்து, “இன்னாக்கா, சத்தமே காணோம். மூச்சு கீதா?” என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். நெஞ்சு நிதானமாக ஏறியது, இறங்கியது. ஒரு புளியங்கொட்டை அவர் நெஞ்சுமேல் தெறித்துக் கிடந்தது. அதுவும் கூடவே ஏறி இறங்கியது.

“கீது, கீது” என்றேன். “சத்தம் போடாம கொட்டைய எடு. பொழுது சாயறதுக்குள்ள நான் போய் வெளக்கு வெக்கணும்.”